கோழி அடைச்சாச்சு, மாமி

எங்க வீட்டுல ஒரு புஸ்தகம் படிக்கணும்னா ரெண்டு பேரு வேணும். ஒருத்தி வாசிக்கணும், இன்னொருத்தி பீடி சுத்தணும். மடியில தட்டு, ரெண்டு கையிலயும் எல, வெரல் பூரா பொயலத் தூளு. இதுல பக்கத்த யாரு திருப்ப? அதனால லாத்தா வாசிப்பா, நான் சுத்துவேன். அவ வாசிக்கிற நேரத்துக்கு அவ பங்கு பீடியையும் நாந்தான் சுத்தித் தள்ளணும். அதான் எங்களுக்குள்ள பேச்சு. லாத்தான்னா எனக்கு மூத்தவ, கூடப் பொறந்தவ. அவ பத்து வரைக்கும் படிச்சா. நான் ஏழோட நின்னுட்டேன்.

நின்னதுக்குப் பெருசா காரணம் ஒண்ணும் கெடையாது. வாப்பா கேரளாவுல ஒரு கடையில நின்னாவ, உம்மாவுக்கு முதுகு வலி, எல வெட்ட ஆளு வேணும். ஒருநா லீவு போட்டேன். பொறவு பைய அது அப்படியே ஆயிருச்சு. எழுத்துக் கூட்டி வாசிப்பேன். பஸ் போர்டு வாசிப்பேன், கல்யாணக் காயிதம் வாசிப்பேன். புஸ்தகம்னா ரெண்டாவது பக்கம் போகும்போது மொதப் பக்கம் மறந்துரும்.

லாத்தா வாசிக்கதே தனி தினுசு. மொதல்ல புஸ்தகத்துல இருக்க மாதிரியே அழுத்தமா வாசிப்பா. ஒரு பத்தி முடிஞ்ச ஒடனே புஸ்தகத்தக் கவுத்துப் போட்டுட்டு, அத நம்ம பேச்சுல எனக்குச் சொல்லுவா.

“அவன் உள்ளத்தில் இருள் கவிந்தது”ன்னு வாசிச்சுட்டு, “அதாவதுட்டி, அவனுக்கு மனசு சரியில்ல. சரியில்லன்னா சரியில்லன்னு சொல்லிட்டுப் போவ வேண்டியதான? இதுக்கு எதுக்கு இருட்ட இழுக்கான்?”ம்பா.

நான் சிரிப்பேன். சிரிச்சா தூளு மூக்குல ஏறும், தும்முவேன். உம்மா அடுப்படியில இருந்து கத்துவா. “ரெண்டு மூதியும் கத படிச்சே நாசமாப் போங்க. கடைக்காரன் பீடியக் கழிச்சுத் தள்ளட்டும், அப்ப தெரியும்.”

அவ வாசிச்சதுல நான் அழுதா லாத்தாவுக்குப் பெரும கலந்த எரிச்சல் வரும். “அழுவாதட்டி, கததான”ன்னு சொல்லுவா. சொல்லிட்டு அடுத்த வரிய இன்னும் அழுவ வைக்க மாதிரி வாசிப்பா. இரக்கமே கெடையாது அவளுக்கு.

அவளக் கட்டிக் குடுத்தது மேலப்பாளையத்துல. மச்சான் கல்யாணம் முடிஞ்ச கையோட திரும்பி சவுதிக்குப் போயாச்சு. அங்கன அவளும் மாமியாளும் ஒரு நாத்தனாளும், நெறைய கோழியும். மச்சான் ஒரு நல்ல போன் வாங்கிக் குடுத்துட்டுப் போயிருந்தாவ, மூஞ்சியப் பாத்துப் பேசுததுக்கு. அந்தப் போன்லதான் லாத்தா ஒரு வாசகர் குழுவப் புடிச்சா. குழுவ நடத்துதவிய பாளையங்கோட்டையில ரிட்டையரான ஒரு பெரிய ஆளு. எல்லாரும் அவியள ஐயான்னுதான் கூப்பிடுவாவ. உலகத்துல எங்கெங்கயோ இருந்து ஆளுங்க உள்ள இருந்தாங்க.

என்னையும் இழுத்து உள்ள போட்டா. எனக்கு மொதல்ல ஒண்ணும் விளங்கல. காலைல எந்திரிச்ச ஒடனே ஆளாளுக்கு ஒரு படம் போடுவாங்க. ஒரு புஸ்தகம், பக்கத்துல ஒரு காப்பி டம்ளர். “இன்றைய வாசிப்பு”ன்னு கீழ எழுதிருப்பாங்க. ஒரு மேடம் இருந்தா, மெட்ராஸ்காரி. அவ புஸ்தகத்துக்குப் பக்கத்துல காப்பி, காப்பிக்குப் பக்கத்துல பூ, பூவுக்குப் பக்கத்துல கண்ணாடி. புஸ்தகம் மட்டும் மாறிக்கிட்டே இருக்கும், காப்பியில ஆடை படிஞ்சு கெடக்கும். “படம் புடிச்சே ஆறிப் போச்சுட்டி அந்தக் காப்பி”ம்பா லாத்தா. அவளும் ஒருநா போட்டா. பீடித் தட்டுல எல, எலைக்கு மேல புஸ்தகம். ஐயா ஒடனே எழுதுனாவ: “சகோதரி, புகையிலைப் படங்கள் குழுவிற்கு ஏற்றவை அல்ல.” அவ எடுத்துட்டா.

கல்யாணத்துக்குப் பொறவு எனக்கு வாசிச்சுக் காட்ட ஆளில்ல. நான் சும்மா கெடந்து பீடி சுத்துதேன்னு அவளுக்குத் தாங்கல. அதுக்கு அவ ஒரு வழி கண்டுபிடிச்சா. சாயங்காலம் அசர் தொழுதுட்டு மாடிப்படியில உக்காந்து வாசிச்சு, அதப் பேச்சாவே பதிஞ்சு அந்தக் குழுவுலயே போட்டுருவா. எனக்குத் தனியா அனுப்பலாம். ஆனா என் போனு வாப்பா வச்சிருந்த பழைய சவம். ரெண்டு பாட்டு எறங்குனாலே இடமில்லன்னு கத்தும். குழுவுல போட்டா அது அங்கனயே கெடக்கும், நான் தொட்டுக் கேட்டுக்கிடலாம், போன்ல இடம் புடிக்காது. அவ அந்தக் குழுவ எங்க வீட்டு அலமாரின்னு நெனச்சுட்டா. நானுந்தான் நெனச்சேன்.

அப்புறம் அவளுக்கும் நாலு பேரு கேக்கணும்னு ஆச இருந்துச்சு. அத ஏன் மறைக்க?

அவ வாசிக்கதுல வீடே உள்ள வந்துரும். குக்கர் விசில், பள்ளிவாசல் பாங்கு, தெருவுல மீன்காரன். ஒருக்கா ஒரு கத வாசிச்சா. ஒரு பிள்ள பஸ் ஸ்டாண்டுல அவ அப்பன் வருவான்னு காத்துக் கெடக்கும், அவன் வர மாட்டான். நல்லா வாசிச்சுட்டு வாரா. “மரணம் அவன் வாசலில் வந்து நின்றது” அப்படிங்கா. அந்த எடத்துல அவ மாமியா கீழ இருந்து ஒரு சத்தம்: “ஏளா, கோழிய அடச்சியா?” இவ நிறுத்தாம, வாசிச்ச அதே குரல்ல, “கோழி அடைச்சாச்சு, மாமி”ன்னு சொல்லிட்டு அடுத்த வரிக்குப் போயிருதா. போயி, கடைசில எனக்குச் சொல்லுதா: “அழுவாதட்டி, கததான.”

நான் இங்க தட்டுல கண்ணீர் விழாமப் பாத்துக்கிட்டு அழுதுக்கிட்டுதான் இருந்தேன். அவளுக்கு எப்படித் தெரியும்னு கேக்காதீங்க. தெரியும்.

குழுவுல அது பெரிய வேடிக்கையாயிருச்சு. அதுக்கு முன்னாடி அவ வாசிக்கத ஒருத்தனும் கேட்டதா ஒரு வார்த்த போட்டதில்ல. இதுக்கு மட்டும் அம்புட்டுப் பேரும் சிரிச்ச மூஞ்சியா அனுப்புனாங்க. நெல்லை டவுன்ல ரதவீதிப் பக்கம் கடை வச்சிருக்க ஒரு அண்ணாச்சிதான் மொத ஆளு. “இது வாசகர் குழுவா, கோழிப்பண்ணையா வே?”ன்னு போட்டான். அன்னையில இருந்து யாராவது ஒரு புஸ்தகத்த முடிச்சா, “கோழி அடைச்சாச்சு”ன்னு எழுதுதது வழக்கமாயிருச்சு. மெட்ராஸ் மேடம்கூட எழுதுனா. ஐயாவும் ஒருநா எழுதுனாவ.

நான் கோவத்துல லாத்தாவுக்குப் போன் போட்டேன். “ஒன்னயக் கேலி பண்ணுதானுவ, நீ பாட்டுக்கு வாசிச்சுக்கிட்டு இருக்க. வெளிய வாட்டி.”

“சிரிக்கட்டும்ட்டி. சிரிக்கணும்னாலும் கேட்டாத்தான சிரிக்க முடியும்?”

“கேக்கானுவளா? அந்த ஒரு எடத்தத் தவிர வேற எதையும் கேக்கல.”

“நீ கேக்கியா?”

“நான் கேக்கேன்.”

“பொறவென்ன? எத்தன கட்டு ஆச்சு இன்னைக்கு? சும்மா பேசிக்கிட்டு இருக்காத, வாப்பா சம்பளம் ஒண்ணும் ஒனக்கு உக்கார வச்சுப் போடாது.”

அவ அப்படித்தான்.

போன மழைக்காலத்துல அவளுக்குக் காய்ச்சல் வந்துச்சு. ஊரு பூராவும் காய்ச்சல் கெடந்த நேரம். கசாயம் குடிச்சா, ஊசி போட்டா. பொறவு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனாவ. நாங்க கல்லிடைக்குறிச்சியில இருந்து பஸ் ஏறிப் போய்ச் சேரும்போது அவ எங்களப் பாத்தா. ஆனா யாருன்னு தெரியாத மாதிரி பாத்தா. அம்புட்டுதான். அதுக்கு மேல அத எழுத எனக்கு வராது.

மையத்த அங்கனயே, மேலப்பாளையத்துலயே அடக்கிட்டாவ. எங்க பக்கத்துல பொம்பளைங்க கபர்ஸ்தானுக்குப் போறதில்ல. ஆம்பளைங்க தூக்கிட்டுப் போனாவ, நாங்க வாசல்ல நின்னோம். அவ எங்கன கெடக்கான்னு இன்னைக்கும் எனக்குத் தெரியாது. வாப்பாவுக்குத் தெரியும். “வேப்பமரத்துப் பக்கம்”னு சொன்னாவ. அதுவும் உம்மா நச்சரிச்ச பொறவு.

நாப்பதாம் நாள் பாத்திஹாவுக்குப் போனப்போ நான் அவ மாமியாகிட்ட பைய கேட்டேன். “மாமி, லாத்தா போனு எங்கன இருக்கு? அவ பதிஞ்சது எதும் இருந்தா…”

“அதையா? இவளுக்குக் குடுத்தாச்சு”ன்னு மகளக் காட்டுனாவ. நாத்தனா அந்தப் போனத் திருப்பிக் காட்டுனா. பின்னாடி ரோஸ் கலர்ல புது உற, மினுமினுன்னு. “கடையில குடுத்து எல்லாத்தையும் வழிச்சு எடுத்து, புதுப் போனு கணக்கா ஆக்கிட்டோம்லா. ஒரு கீறல் கெடயாது பாரு”ங்கா. அம்புட்டுப் பெருமை. நான் என்ன சொல்ல? “நல்லாருக்கு”ன்னேன்.

அதுக்கு மேல எனக்கு மிச்சம் அந்தக் குழு மட்டுந்தான்.

அவ இல்லங்கத நாந்தான் குழுவுல சொன்னேன், பாத்திஹாவுக்கு முன்னாடியே. எழுத வரல, பேசியே போட்டேன். “எங்க லாத்தா மவுத்தாயிட்டா. உங்களுக்கெல்லாம் வாசிச்சுக் காட்டுவாள்லா, அவதான்.” கும்பிட்ட கையா வரிசையா வந்து விழுந்துச்சு. “ஆழ்ந்த இரங்கல்.” “பேரிழப்பு.” ஒருத்தன், “எந்த சகோதரி? படம் இருக்கிறதா?”ன்னு கேட்டான். அதுக்கு டவுன் அண்ணாச்சி பதில் எழுதுனான், எனக்கு அது எழுத்துக் கூட்டாமலே புரிஞ்சுச்சு: “கோழி அடைச்சாச்சு சகோதரி. பாவம்.” கீழ ரெண்டு சிரிச்ச மூஞ்சி. பொறவு யாரோ ஞாபகம் வந்து அத அழுத மூஞ்சியா மாத்துனாங்க. அடுத்த நிமிசம் காப்பிப் படம் வந்துருச்சு.

நான் வெளிய வரல. வர முடியாது. குழுவ விட்டு வந்தா அவ குரலையும் விட்டுட்டு வரணும். ஐயா முன்னாடியே ஒரு பூட்டு போட்டு வச்சிருந்தாவ. குழுவுல கெடக்கது எதையும் வெளிய அனுப்பவோ எறக்கிக்கிடவோ முடியாது. யாரோ புஸ்தகத்தக் களவாண்டு வித்துட்டானாம். உள்ள இருந்து கேக்கலாம், அவ்வளவுதான்.

கேட்டேன். தட்ட மடியில வச்சுக்கிட்டு, ஒரு காதுல மட்டும் மாட்டிக்கிட்டு, மொதல்ல இருந்து கேட்டேன். நல்லா சுத்த வந்துச்சு. அவ உசுரோட இருக்கும்போது சுத்துனத விட வேகமா வந்துச்சு. உம்மா கொஞ்ச நா என்னையப் பாத்துக்கிட்டே இருந்தா. ஒருநா பக்கத்துல வந்து உக்காந்தா.

“அவளா?”

“ஆமா.”

“எனக்கும் போடுட்டி.”

நாசமாப் போங்கன்னு கத்துனவ. கத முழுசும் கேட்டுட்டு, “இவ்வளவு நல்லாவா வாசிப்பா?”ன்னா. எனக்குக் கோவந்தான் வந்துச்சு. அடுப்படிக்கும் தாழ்வாரத்துக்கும் எவ்வளவு தூரம்? ஒனக்குக் காது இல்லயான்னு கேட்டேன். உம்மா எலைய எடுத்து வெட்ட ஆரம்பிச்சா. அதுல இருந்து தினமும் பொழுதடைய, மஃரிபு தொழுகைக்கு முன்னாடி, “போடுட்டி”ம்பா. நான் போடுவேன்.

அப்படிப் போய்க்கிட்டு இருக்கும்போதுதான் ஐயா ஒரு சேதி போட்டாவ. ஒரு பெரிய எழுத்தாளர் குழுவுக்குள்ள வரப் போறாராம். ஞாயித்துக்கிழம எல்லாரோடயும் பேசப் போறாராம். குழுவே கல்யாண வீடு மாதிரி ஆயிருச்சு. அவரு புஸ்தகத்த எல்லாரும் காப்பியோட படம் புடிச்சுப் போட்டாங்க. வாசிச்சாங்களான்னு அல்லாவுக்குத்தான் தெரியும்.

லாத்தா வாசிச்சிருந்தா. முழுசா வாசிச்சு, வழக்கம்போல எனக்கு வெளக்கமும் சொல்லிருந்தா. அதுல ஒரு வாத்தியாரு ஒருத்திய மனசுல நெனச்சுக்கிட்டே பக்கம் பக்கமா நடப்பாரு. லாத்தா சொல்லுதா: “இவன் சரியான மூதிட்டி. அவ கையப் புடிக்கலாமா வேண்டாமான்னு இன்னும் யோசிக்கான். அதுக்குள்ள அவளுக்கு நாலு பிள்ள பொறந்துரும்.” நான் அதக் கேட்டு அன்னைக்கு அப்படிச் சிரிச்சேன்.

அத மேடம் கண்டுபிடிச்சுட்டா. கேட்டுக் கண்டுபிடிக்கல. தேடும்போது எழுத்தாளர் புஸ்தகத்துப் பேரு லாத்தா பதிஞ்சதுக்கு மேல எழுதியிருக்கதப் பாத்துட்டா. “ஐயா, அவர் உள்ளே வந்ததும் முதலில் இதைத்தானே பார்ப்பார்?”னு எழுதுனா. ஒடனே பேச்சு கெளம்பிருச்சு. காதால கேக்கது வாசிப்பு ஆகுமா ஆகாதான்னு ஒரு கூட்டம். புஸ்தகத்துல இல்லாதத நடுவுல சேத்துச் சொல்லுதது எழுத்தாளருக்குச் செய்யுத துரோகம்னு ஒரு கூட்டம். டவுன் அண்ணாச்சி, “கோழி, குக்கர், மாமியார் எல்லாம் இலவச இணைப்பு”ன்னான். ஒருத்தராவது, அந்தப் பிள்ள செத்துப் போயிருச்சே, அவ தங்கச்சி இதுக்குள்ளதான இருக்கான்னு நெனச்சாங்களா? நான் உள்ள இருக்கதையே எல்லாரும் மறந்துட்டாங்க. அவ மவுத்தச் சொன்ன அந்த ஒரு தடவயத் தவிர நான் அங்க வாயே தொறந்ததில்லயே.

கடைசில, அத அழிச்சுரலாம்னு பேச்சு வந்துச்சு. நான் ஐயாவுக்கு நேரா போன் அடிச்சேன். நம்பர் குழுவுலயே கெடந்துச்சு. எடுத்தாவ.

“ஐயா, நான் அந்த மவுத்தானவ தங்கச்சி. அழிக்கதா இருந்தா அழிச்சுக்கிடுங்க. அதுக்கு முன்ன ஒருநா மட்டும் பூட்டத் தொறந்து விடுங்க. பக்கத்து வீட்டு அண்ணன்கிட்ட நல்ல போனு இருக்கு. நான் எறக்கிக்கிடுதேன்.”

“அடடா, அதுக்கென்னம்மா. ஞாயித்துக்கிழம கூட்டம் முடியட்டும். திங்கக்கிழம தொறந்து விடுதேன். நீ எடுத்துக்கோ. அதுவரைக்கும் யாரும் கை வைக்க மாட்டாங்க.”

“நிச்சயமா ஐயா?”

“என் வார்த்தைய நம்பும்மா. வாசிக்கிறவன் வார்த்த மாற மாட்டான்.”

நான் நம்புனேன். உம்மாட்டயும் சொன்னேன், திங்கக்கிழம அவ குரலு நம்ம வீட்டுக்கு வந்துரும்னு. உம்மா பக்கத்து வீட்டு அண்ணனுக்குக் குடுக்கதுக்குன்னு அதிரசத்துக்கு மாவு இடிச்சு வச்சா.

எழுத்தாளர் வெள்ளிக்கிழமயே வந்துட்டாரு. அவருக்கு அன்னைக்குத்தான் நேரம் கெடச்சுதாம். “வணக்கம் நண்பர்களே”ன்னு ஒரே ஒரு வரி. அதுக்கு வந்த பூவும் கையும் இன்னும் முடியல. சாயங்காலம் உம்மா வந்து உக்காந்து, “போடுட்டி”ன்னா. நான் மேல தள்ளுனேன். தள்ளிக்கிட்டே போனேன். காப்பிப் படம் இருக்கு, இரங்கல் இருக்கு, கோழி அடைச்சாச்சுன்னு எழுதுனது அம்புட்டும் இருக்கு. அவ மட்டும் இல்ல. அவ பதிஞ்சது ஒண்ணுகூட இல்ல.

“என்னட்டி?”

“நெட்டு இல்லம்மா”ன்னேன்.

மாடிக்குப் போய் ஐயாவுக்கு அடிச்சேன். பல தடவ அடிச்ச பொறவு எடுத்தாவ.

“வேற வழி தெரியலம்மா. அவரு திடீர்னு வந்துட்டாரு. மேல தள்ளிப் பாத்தா உங்க அக்கா அவர மூதிங்கா. நான் என்ன செய்ய?”

“அவர இல்லய்யா. கதைல வாரவனத்தான் சொல்லுதா.”

“ரெண்டும் ஒண்ணுதாம்மா அவருக்கு. நீயே யோசிச்சுப் பாரு.”

“அத மட்டும் அழிச்சிருக்கலாம்லா? எல்லாத்தையும் எதுக்கு அழிச்சீங்க?”

“எதுல என்ன சொல்லியிருக்கான்னு ஒவ்வொண்ணா உக்காந்து கேக்க முடியுமா? அதான் மொத்தமா எடுத்துட்டேன். அதுக்கே எனக்கு வெரல் வலிக்கு, தெரியுமா? ஒண்ணொண்ணா தொட்டுத் தொட்டு அழிக்கணும்.”

“திருப்பி வராதாய்யா?”

“வராதும்மா. நல்ல புஸ்தகமா நாலு சொல்லுதேன், வாசி. மனசு ஆறும்.”

நான் அவியளத் திட்டல. திட்டத் தெரியாம இல்ல. எங்க தெருவுல பொறந்தவளுக்குத் திட்டத் தெரியாதா? அவிய போன்ல எங்கயாவது ஒரு மூலையில என் லாத்தா குரலு மிச்சம் இருந்தா, நான் திட்டுனதுல அதுவும் போயிரும்னு பயம்.

ஞாயித்துக்கிழம கூட்டம் நடந்துச்சு. எழுத்தாளர் கேட்டாரு போல, சாதாரண மக்கள் வாசிக்காங்களான்னு. மேடத்துக்கு அப்பதான் லாத்தா ஞாபகம் வந்துச்சு. ஒரு நீட்டமான கட்டுரை எழுதிப் போட்டா. நான் ஒரு மத்தியானம் பூராவும் எழுத்துக் கூட்டி வாசிச்சேன். “எங்கள் குழுவில் பீடி சுற்றும் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் குரலில் தாமிரபரணி ஓடியது. அந்தக் குரல் இன்று இல்லை. ஆனால் எங்கள் செவிகளில் என்றும் இருக்கும்.” எழுத்தாளர் ஒரு நெஞ்சு படம் போட்டாரு. அதுக்கு மேல எல்லாரும் போட்டாங்க.

நான் அவளுக்குத் தனியாப் பேசி அனுப்புனேன். “மேடம், உங்க செவியில இருக்குன்னு எழுதிருக்கீங்க. உங்ககிட்ட எங்க லாத்தா குரலு ஒண்ணாவது இருக்கா? அவ வாசிச்சது எதும் புடிச்சு வச்சிருக்கீங்களா?”

பதிலும் பேச்சாவே வந்துச்சு, நல்ல இனிப்பான குரலு. “ஐயோ இல்லம்மா. உண்மைய சொல்லணும்னா நான் கேட்டதே இல்ல. எனக்கு ஆடியோ கேக்கற பொறுமை கெடையாது. ஆனா உணர்ந்தேன். ரொம்ப ஆழமா உணர்ந்தேன். நீங்க தைரியமா இருங்க, என்ன?”

எனக்கு அன்னைக்கு அவ மூஞ்சியில தூள அள்ளி எறியணும் போல இருந்துச்சு. எறிஞ்சாலும் அதையும் உணர்ந்தேன்னு எழுதுவா.

கடைசில வெக்கத்த விட்டுக் குழுவுலயே பேசிப் போட்டேன். எல்லாரும் கேளுங்க, அவ குரலு யாருட்டயாவது இருந்தா குடுங்கன்னு. ஒருத்தரும் பேசல. காப்பிப் படம் வந்துச்சு. நான் எல வெட்ட உக்காந்துட்டேன். அப்ப டவுன் அண்ணாச்சி தனியாக் கூப்பிட்டான்.

“ஏம்மா, கோழிக்காரி தங்கச்சியா? என்கிட்ட ஒண்ணு கெடக்கு. அழிக்க இருந்தேன். வேணுமா?”

“வேணும் அண்ணாச்சி.”

“எங்க கூட்டாளிங்களுக்கு வேடிக்கைக்குப் போட்டுக் காட்டினது. கடையில வச்சு நாங்க நாலு பேரு உக்காந்து கேட்டோம்லா, அப்ப இன்னொரு போன்ல புடிச்சேன். நாங்க சிரிக்கதும் சேந்துதான் இருக்கும். பரவால்லயா?”

“பரவால்ல அண்ணாச்சி.”

“நீயும் அதே மாதிரிதான் பேசுதியேம்மா! ஒருக்கா சொல்லு பாப்போம், கோழி அடைச்சாச்சு மாமின்னு.”

கத்திரி கையிலதான் இருந்துச்சு. பொறவு சொன்னேன்.

அவன் வயிறு குலுங்கச் சிரிச்சான். கூட யாரோ சிரிச்சாங்க. சிரிச்சு முடிச்சுட்டு அனுப்பி வச்சான். நான், “ரொம்ப நன்றி அண்ணாச்சி”ன்னேன். மனசாரத்தான் சொன்னேன். அம்புட்டுப் பெரிய குழுவுல அவ குரல ஒரு பத்திரமான எடத்துல வச்சிருந்தவன் அவன் ஒருத்தந்தான். ரெண்டு போனு இருந்தாப் போதுமாம், பூட்டு ஒண்ணும் செய்யாதாம். அவன்கிட்ட ரெண்டு போனு இருந்துச்சு.

ரொம்பச் சின்னதுதான் அது. அவ அந்த மரணம் வாசலுக்கு வார வரிய வாசிக்கா. கோழிய அடச்சியான்னு மாமியா கேக்கா. அவ அடைச்சாச்சுங்கா. ஒருத்தன் கொல்லுன்னு சிரிக்கான். அந்தச் சிரிப்புக்கு நடுவுல அவ விடாம வாசிச்சுக்கிட்டே போறா, என்ன வாசிக்கான்னே கேக்காது. கடைசில சிரிப்பு கொஞ்சம் ஓஞ்ச நேரத்துல தெளிவா வருது: “அழுவாதட்டி, கததான.” ஒடனே எல்லாரும் சேந்து, மேசையத் தட்டித் தட்டிச் சிரிக்கானுவ. அதோட நின்னுருது. அவ வாசிச்ச அம்புட்டுல எனக்கு மிஞ்சுனது இதுதான்.

உம்மாட்ட காட்டாம வச்சிருந்தேன். நெட்டு இல்ல, நெட்டு இல்லன்னு எத்தன நாளைக்குச் சொல்ல? மாவு புளிச்சுப் போயிருச்சு. ஒரு சாயங்காலம் நான் காதுல மாட்டாம போட்டுட்டேன். கைல தூளு, நிறுத்த முடியல. உம்மா அடுப்படியில இருந்து ஓடி வந்தா.

“அவதான! போடுட்டி, மொதல்ல இருந்து போடு.”

போட்டேன். தலையச் சாச்சுக் கேட்டா. “கோழி அடைச்சாச்சு மாமி”ன்னதும் உம்மா மூஞ்சி மலந்துச்சு. சிரிப்பு வந்ததும் திரும்பி என்னையப் பாத்தா.

“யாருட்டி அது சிரிக்கா?”

கையில இருந்த பீடிக்கு நூலக் கட்டுனேன். பொறவு சொன்னேன். “அவ கூட இருந்தவங்கம்மா. அவ வாசிக்கதக் கேக்க வந்தவங்க. நல்லாருக்குன்னு சிரிக்காங்க.”

“இம்புட்டுப் பேரா?”

“ஆமா.”

உம்மா முந்தானைல கண்ணத் தொடச்சா. “நான்தான் அவளுக்கு அங்கன பேச்சுத் துணைக்கு ஆளே இல்லன்னு கெடந்து மறுகுனேன். பாத்தியா, எப்படிச் சந்தோசமா இருந்திருக்கா எம்பிள்ள.”

இப்பவும் தினமும் மஃரிபுக்கு முன்னாடி வந்து உக்காந்துருதா. லாத்தா “கததான”ன்னு சொல்லி முடிச்ச ஒடனே நான் வெரல வச்சு நிறுத்தப் பாப்பேன், கடைசிச் சிரிப்பு வரதுக்கு முன்னாடி. உம்மா என் கையத் தட்டி விடுதா.

“இருட்டி, அவங்க சிரிக்கதையும் போடு”ங்கா.